மூடிய வழக்கும் மொழி வழக்கும்



தமிழில் ‘வழக்கு’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் நிலைபெற்றுள்ளன. நீதிமன்றத்தில் நடப்பது ஒன்று; மக்கள் நாவில் நடப்பது மற்றொன்று. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரத்தில் வரும் ‘வழக்கு’ இரண்டாவது பொருளில், அதாவது மக்களின் பேச்சு மரபு என்னும் பொருளில் வருவது. இவ்விரு வழக்குகளும் ஓரிடத்தில் சந்திப்பதுண்டு. ஒருவர் வாயால் சொன்னதை இன்னொருவர் எழுதி, அந்த எழுத்தைக் கொண்டு முதலாமவரின் உயிரைத் தீர்மானிக்கும் இடமே அது. இன்றைய உரை அந்த இடத்தைப் பற்றியது.

நெடுங்கதைகளிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நாம் அடிக்கடி காணும் கதை ஒன்றுண்டு. பல்லாண்டுகளுக்கு முன் முடித்து மூடப்பட்ட ஒரு கொலை வழக்கின் கோப்பைத் துப்பறிவாளர் ஒருவர் தூசு தட்டி எடுக்கிறார். மேலதிகாரி வேண்டாம் என்கிறார். அமைச்சர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வருகிறது. துப்பறிவாளர் பணியாமல் தேடுகிறார். கடைசியில் யாரும் கவனிக்காத ஒரு தடயம் கிடைக்கிறது. அது ஒரு பொத்தானாகவோ ஒரு கைரேகையாகவோ இருக்கும்.

வரலாற்றில் உண்மையாக நடந்த சில வழக்குகளில் அந்தத் தடயம் ஒரு சொல்லாக இருந்தது. தேடியவர்களுள் காவல்துறையினர் அல்லாதார் இருந்தனர். இலக்கண ஆசிரியர்களும் இருந்தனர். ‘துப்பு’ என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். சங்க நூல்களில் அது வலிமையைக் குறிக்கும், பவளத்தையும் குறிக்கும். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் உணவைக் குறிக்கும். இன்று அது மறைந்ததை அறிய உதவும் குறிப்பு என்னும் பொருளில் வழங்குகிறது. ஒரு சொல்லின் பொருளை அது நிற்கும் இடத்தைக் கொண்டு அறிபவன் மொழி மாணவன். அவ்வகையில் அவனும் துப்பறிவாளனே.

ரில்லிங்டன் பிளேஸ், 1949

இங்கிலாந்து நாட்டு வழக்கு ஒன்றை முதலில் கூறுகிறேன். லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில், ரில்லிங்டன் பிளேஸ் என்னும் சிறு தெருவில், 10ஆம் எண் வீட்டின் மேல்மாடியில் டிமொத்தி எவான்ஸ் என்னும் இளைஞர் குடியிருந்தார். வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். கூலி வேலையும் வண்டி ஓட்டும் வேலையும் செய்தவர். எழுத்தறிவு மிகக் குறைந்தவர். மனைவி பெரில், ஜெரல்டின் என்னும் ஒரு வயதுக் குழந்தையும் இருந்தது. அதே வீட்டின் தரைத்தளத்தில் ஜான் கிறிஸ்டி என்பவர் தம் மனைவியுடன் வாழ்ந்தார்.

1949 நவம்பர் 30ஆம் நாள் எவான்ஸ் வேல்ஸில் உள்ள மெர்தர் டிட்ஃபில் காவல் நிலையத்திற்குத் தாமாகவே சென்று, தம் மனைவி இறந்துவிட்டதாகவும் உடலைத் தாம் கழிவுநீர்க் குழியில் போட்டுவிட்டதாகவும் கூறினார். லண்டன் காவலர் சென்று பார்த்தபோது குழியில் எதுவும் இல்லை. அக்குழியின் மூடியைத் தூக்கவே மூவர் வேண்டியிருந்தது. அதன்பின் எவான்ஸ் இரண்டாவது வாக்குமூலம் அளித்தார். கருக்கலைப்புச் செய்வதாகச் சொன்ன கிறிஸ்டியின் கையில் தம் மனைவி இறந்தார் என்பது அதன் சாரம். டிசம்பர் 2ஆம் நாள், வீட்டின் பின்புறத்துத் துணி துவைக்கும் அறையில் பெரிலின் உடலும் குழந்தையின் உடலும் கிடைத்தன. அன்றிரவு நாட்டிங் ஹில் காவல் நிலையத்தில், இறந்தவர்களின் உடைகள் எவான்ஸின் முன் வைக்கப்பட்டன. அதன்பின் எழுதப்பட்டவையே மூன்றாவது, நான்காவது வாக்குமூலங்கள். இருவரையும் தாமே கொன்றதாக அவற்றில் உள்ளது.

வழக்கு மன்றத்தில் எவான்ஸ் அந்த ஒப்புதலை மறுத்தார். கிறிஸ்டியே கொலையாளி என்றார். அவருக்கு எதிரான முதன்மைச் சாட்சி அந்தக் கிறிஸ்டிதான். நடுவர் குழு நாற்பது நிமிடங்களில் முடிவுக்கு வந்தது. குழந்தையைக் கொன்ற குற்றத்திற்காக 1950 மார்ச் 9ஆம் நாள் எவான்ஸ் தூக்கிலிடப்பட்டார். வழக்கு மூடப்பட்டது.

மூன்று ஆண்டுகள் சென்றன. 1953 மார்ச்சில் கிறிஸ்டி வீட்டைக் காலி செய்த பிறகு, சமையலறைச் சுவர்த்தாளின் பின்னே மூன்று பெண்களின் உடல்கள் மறைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தரைப்பலகையின் கீழே கிறிஸ்டியின் மனைவியின் உடல் இருந்தது. தோட்டத்தில் மேலும் இரண்டு எலும்புக்கூடுகள் இருந்தன. பெரிலையும் தானே கொன்றதாகக் கிறிஸ்டி ஒப்புக்கொண்டார். ஒரே சிறிய வீட்டில், இரண்டு கொலைகாரர்கள் ஒரே முறையில் பெண்களைக் கொன்றனர் என்று நம்பினால்தான் 1950ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காப்பாற்ற முடியும் என்ற நிலை உண்டாயிற்று.

திறப்பதற்கு யார் அஞ்சினர்?

அரசியல் அழுத்தம் என்பது இங்கு எவ்வாறு வந்தது என்பதை மாணவர்கள் உற்றுநோக்க வேண்டும். யாரும் யாரையும் மிரட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. 1948இல் பிரிட்டிஷ் மக்களவை தூக்குத் தண்டனையை நிறுத்தி வைக்க வாக்களித்தது. மேலவை அதை ஏற்கவில்லை. 1949 முதல் மரண தண்டனை பற்றிய அரச ஆணையம் ஒன்று ஆய்ந்துகொண்டிருந்தது. இச்சூழலில் குற்றமற்ற ஒருவரை அரசு தூக்கிலிட்டது என்று ஒப்புக்கொண்டால், ஒரு வழக்கு மட்டுமன்று, ஒரு சட்டமே ஆட்டம் காணும். ஆகவே வழக்கு திறக்கப்பட்டது. ஆனால் விரைவில் மூடுவதற்காகத் திறக்கப்பட்டது. ஸ்காட் ஹெண்டர்சன் என்னும் வழக்குரைஞர் தனியறையில் விசாரணை நடத்தினார். அதற்குக் கிடைத்த காலம் இரண்டு வாரத்திற்கும் குறைவு. கிறிஸ்டி ஜூலை 15ஆம் நாள் தூக்கிலிடப்படவிருந்தார். அதற்குள் அறிக்கை வந்தாக வேண்டும். பெரிலையும் குழந்தையையும் எவான்ஸே கொன்றார் என்று அறிக்கை கூறியது. மக்களவையில் பலர் இதனை ஏற்கவில்லை.

எவான்ஸின் கருணை மனுவை 1950இல் மறுத்த உள்துறை அமைச்சர் சூட்டர் ஈட், எவான்ஸ் வழக்கில் தவறு நேர்ந்ததாகவே 1955இல் மக்களவையில் பேசினார். தூக்குத் தண்டனையை ஒழிக்க வேண்டும் என்போர் பக்கம் அவர் நின்றார். 1961இல் லுடோவிக் கென்னடி என்னும் எழுத்தாளர் இவ்வழக்கைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆவணங்களை வரிவரியாகப் படித்து, ஒப்புதல் வாக்குமூலத்தின் நம்பகத்தன்மையை அதில் கேள்விக்கு உள்ளாக்கினார். 1965இல் நீதிபதி பிராபின் தலைமையில் மறுவிசாரணை தொடங்கியது. அவருடைய முடிவு விந்தையானது: எவான்ஸ் மனைவியைக் கொன்றிருக்கக்கூடும், குழந்தையைக் கொன்றிருக்கமாட்டார் என்றார். ஆனால் எவான்ஸ் தூக்கிலிடப்பட்டது குழந்தையின் கொலைக்காக. எனவே 1966 அக்டோபரில் அவருக்கு இறப்புக்குப்பின் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. இதற்கிடையே 1965இல் கொலைக்கான தூக்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, 1969இல் நிலையாக நீக்கப்பட்டது.

அழுத்தம் இரு திசையிலும் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அரசுக்கு எவான்ஸ் குற்றவாளியாக இருப்பது வசதி. தூக்கை எதிர்த்தோருக்கு அவர் குற்றமற்றவராக இருப்பது வசதி. இரு சாராரும் விரும்பியதை ஒதுக்கிவைத்து, தாளில் உள்ளது என்ன என்று பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

இலக்கண ஆசிரியரின் வருகை

யான் ஸ்வார்ட்விக் சுவீடன் நாட்டு ஆங்கிலப் பேராசிரியர். பிற்காலத்தில் குவர்க், கிரீன்பாம், லீச் ஆகியோருடன் சேர்ந்து விரிவான ஆங்கில இலக்கணத்தை எழுதிய நால்வருள் ஒருவராக அவரை மொழியியல் மாணவர்கள் அறிவர். எவான்ஸின் நான்கு வாக்குமூலங்களையும் ஆய்ந்து 1968இல் அவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ‘தடயவியல் மொழியியல்’ என இன்று நாம் வழங்கும் துறைப்பெயர் அந்நூலின் தலைப்பிலேயே உள்ளது.

அவர் கண்டது என்ன? ஒரே மனிதர் சொன்னதாக உள்ள எழுத்தில் இரண்டு நடைகள் இருந்தன. ஒன்று, படிப்பறிவில்லாத தொழிலாளி ஒருவரின் பேச்சு. இலக்கணம் வழுவிய வினைகள், ‘அப்புறம், அப்புறம்’ என்று நீளும் இணைப்புகள். மற்றொன்று, அலுவலகத்தில் எழுதிப் பழகிய கையின் நடை. மனைவி கடன்மேல் கடன் பட்டதைச் சொல்லும் இடத்தில், நாம் தமிழில் ‘கடனுக்கு உள்ளாதல்’ என்று எழுதினால் எப்படி ஒலிக்குமோ அப்படிப்பட்ட வினைச்சொல் வருகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தடுமாறிய ஒருவரின் வாயில் அச்சொல் பொருந்தவில்லை. ஒரு தொடர் அடுத்த தொடரோடு எவ்வகையில் இணைக்கப்பட்டுள்ளது என்பதை ஸ்வார்ட்விக் வகைப்படுத்தி எண்ணினார். எவான்ஸ் மறுத்த பகுதிகளின் தொடரமைப்பு, அவர் மறுக்காத பகுதிகளின் தொடரமைப்பிலிருந்து வேறுபட்டது.

இதனால் காவலர்கள் பொய்யாக எழுதினார்கள் என்று ஸ்வார்ட்விக் அறிவித்துவிடவில்லை. பனுவல் சிறியது, பேச்சை எழுதுபவர் தம் நடையை அறியாமலேயே கலப்பது இயல்பு, இவ்வளவில் நிற்க வேண்டும் என்பதே அவருடைய நிலை. இந்த அடக்கம்தான் அவருடைய ஆய்வுக்கு மதிப்பைத் தந்தது என்பது என் கருத்து.

கிராய்டன், 1952: ஒரு சுட்டும் ஒரு ‘பிறகும்’

இரண்டாவது வழக்கில் மொழிச்சான்று இன்னும் கூர்மையானது. 1952 நவம்பர் 2ஆம் நாள் இரவு, லண்டனை அடுத்த கிராய்டனில் ஒரு கிடங்கின் கூரையில் திருட வந்த இரு இளைஞர்களைக் காவலர் சூழ்ந்தனர். கிறிஸ்டஃபர் கிரெய்க்கிற்கு வயது 16. அவன் கையில் துப்பாக்கி இருந்தது. டெரெக் பென்ட்லிக்கு வயது 19; அறிவு வளர்ச்சி குன்றியவர்; எழுதப் படிக்க அறியாதவர் என்றே சொல்லலாம். பென்ட்லி பிடிபட்டுச் சிறிது நேரம் சென்றபின், கிரெய்க் சுட்டதில் சிட்னி மைல்ஸ் என்னும் காவலர் இறந்தார். சுட்டவனுக்குத் தூக்கிலிடும் வயது வரவில்லை. சுடாத பென்ட்லி 1953 ஜனவரி 28ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

நடுவர் குழு கருணை காட்டப் பரிந்துரைத்திருந்தது. ஏறத்தாழ 200 மக்களவை உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவர முயன்றனர். தண்டனை நிறைவேறும் முன் அதனை விவாதிக்க இயலாது என்று அவைத்தலைவர் மறுத்தார். இளைஞர்கள் துப்பாக்கி ஏந்துகிறார்கள் என்ற அச்சம் போருக்குப் பிந்திய அந்நாட்டில் பரவியிருந்தது, கொல்லப்பட்டவரோ காவலர். உள்துறை அமைச்சர் இரங்கவில்லை.

இவ்வழக்கில் பெரிதும் பேசப்பட்டது கூரையில் பென்ட்லி சொன்னதாகக் கூறப்பட்ட ஒரு தொடர். ‘அவரிடம் அதைக் கொடுத்துவிடு’ என்றும் ‘அவரைச் சுட்டுவிடு’ என்றும் ஆங்கிலத்தில் இருபொருள் தரக்கூடியது அது. அப்படி ஒரு சொல் பேசப்படவே இல்லை என்று இரு இளைஞர்களும் மறுத்தனர். நமக்கு இது புதிதன்று. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் இட்ட ஆணையில் சிலம்பு கள்வன் கையில் இருந்தால் என்னும் நிபந்தனை உள்ளது. ஆணை மன்னனின் வாயிலிருந்து கொலைக்களத்தை அடைந்தபோது அந்த ‘இருந்தால்’ மறைந்து, ‘கொல்’ என்பது மட்டும் எஞ்சியது. ஒரு நிபந்தனை எச்சம் தொலைந்ததால் ஓர் உயிர் போயிற்று.

ஆயினும் கூரையில் சொன்னதைவிடக் காவல் நிலையத்தில் எழுதியதே பென்ட்லி வழக்கில் மொழியியலாருக்கு உதவியது. பென்ட்லி தாமாகச் சொல்லச் சொல்ல எழுதினோம், கேள்வி எதுவும் கேட்கவில்லை என்று காவலர்கள் சாட்சியம் அளித்திருந்தனர். அவ்வாக்குமூலம் 582 சொற்கள் கொண்டது. பல்லாண்டுகள் கழித்து மால்கம் கூல்ட்ஹார்ட் என்னும் மொழியியலறிஞர் அதை ஆய்ந்தார்.

முதலாவதாக, வாக்குமூலத்தில் எதிர்மறைத் தொடர்கள் மிகுதி. ஒருவர் நடந்ததைத் தாமாகச் சொல்லும்போது, நடந்ததைத்தான் பெரும்பாலும் சொல்வார். நடக்காததைச் சொல்வது, யாரோ ‘அது நடந்ததா?’ என்று கேட்ட இடத்தில்தான். சந்தைக்குப் போய் வந்த தாயார், ‘மீன் வாங்கினேன், காய் வாங்கினேன்’ என்பார். ‘யானை வாங்கவில்லை’ என்று சொல்லமாட்டார். அப்படிச் சொன்னால், யானையைப் பற்றி நாம் முன்பே கேட்டிருக்கிறோம் என்று பொருள். பென்ட்லியின் எதிர்மறைகள், அழிக்கப்பட்ட வினாக்களின் அடையாளங்கள்.

இரண்டாவதாக, ‘அவன் அந்தத் துப்பாக்கியைப் பயன்படுத்தப் போகிறான் என்பது எனக்குத் தெரியாது’ என்னும் பொருளில் ஒரு தொடர் உள்ளது. ஆங்கிலத்தில் முன்பு அறிமுகமான பொருளைக் குறிக்கும் சுட்டு அங்கே வருகிறது. துப்பாக்கி இருப்பது பென்ட்லிக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதனையே நீதிபதி ஆதாரமாகக் கொண்டார். ஆனால் அத்தொடர் ஒரு வினாவுக்கு விடையாக இருந்தால்? ‘அவன் அந்தத் துப்பாக்கியைப் பயன்படுத்துவான் என்று உனக்குத் தெரியுமா?’ என்று கேட்டவர் காவலராக இருந்தால், ‘அந்த’ என்னும் சுட்டும் காவலருடையதே. தமிழிலும் இது நிகழும். ‘துப்பாக்கி வைத்திருந்தானா?’ என்பதற்கும் ‘துப்பாக்கியை வைத்திருந்தானா?’ என்பதற்கும் வேற்றுமை உண்டல்லவா? அஃறிணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டால், பேசுவோரும் கேட்போரும் முன்பே அறிந்த பொருள் என்ற குறிப்பு பெரும்பாலும் வந்துவிடுகிறது. ஓர் ‘ஐ’ உருபு யாருடையது என்பதில் ஓர் உயிர் தொங்கலாம்.

மூன்றாவதாக, ‘பிறகு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். அது பென்ட்லியின் 582 சொற்களில் 10 முறை வருகிறது. கூல்ட்ஹார்ட் ஒப்பிட்ட சாதாரணச் சாட்சிகளின் வாக்குமூலங்களில் 930 சொற்களுக்கு ஒருமுறைதான் வந்தது. காவலர்களின் வாக்குமூலங்களில் 2,270 சொற்களுக்கு 29 முறை வந்தது. மேலும், பேச்சில் மக்கள் ‘பிறகு நான்’ என்பர். ‘நான் பிறகு’ என்னும் வரிசை அரிது. பெரிய பேச்சுத் தரவகம் ஒன்றில் அவ்வரிசை ஏறத்தாழ 165,000 சொற்களுக்கு ஒருமுறைதான் வந்தது. பென்ட்லியின் சிறு வாக்குமூலத்திலோ 3 முறை. நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் நிரல்படுத்தி எழுதும் காவல்துறை நடையின் முத்திரை அது.

பென்ட்லியின் தமக்கை ஐரிஸ் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போராடினார். 1993இல் தண்டனையை மட்டும் சார்ந்த மன்னிப்பு வந்தது. குற்றத்தீர்ப்பு அப்படியே நின்றது. ஐரிஸ் 1997இல் மறைந்தார். மறு ஆண்டு ஜூலை 30ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பையே நீக்கியது. அதற்கு முதன்மைக் காரணம், 1952இல் நீதிபதி நடுவர் குழுவுக்கு வழங்கிய தொகுப்புரை நடுநிலை தவறியது என்பதே. மொழிச்சான்று மட்டுமே வென்றது என்று நாம் மார்தட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்தத் தாளைப் பென்ட்லியின் தனிக்குரல் என்று இனி யாரும் எளிதாக நம்ப இயலாதபடி செய்தது மொழியியல்.

செப்பும் வினாவும்

இவ்விரு வழக்குகளையும் தமிழ் இலக்கண மரபில் நின்று பார்ப்போருக்கு ஒன்று புலப்படும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் செப்பையும் வினாவையும் இணைத்தே பேசுகிறார். இரண்டும் வழுவின்றி அமைய வேண்டும் என்கிறார். வினா இல்லாமல் செப்பின் பொருள் முழுமையாவதில்லை. ‘ஆம்’ என்ற ஒரு சொல்லைத் தாளில் எழுதி வைத்தால், அது திருமண உடன்பாடா, கொலை ஒப்புதலா என்று யாரால் சொல்ல முடியும்?

செய்யுளியலில் அவர் செய்யுளின் உறுப்புகளைக் கூறுமிடத்துக் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் ஆகியவற்றையும் எண்ணுகிறார். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எங்கே, எப்போது, சொல்லாமல் விட்டது எது, இன்ன இடத்தில் இன்னார் இன்னாரிடம் சொல்லத்தக்கது இது என்று உணர்த்தும் குறிப்பு எது என்பவை அவை. அகப்பாடலின் அடியில் ‘தலைவி தோழிக்குக் கூறியது’ என்று துறைக்குறிப்பு இருப்பதன் பயனை நாம் வகுப்பில் விளக்குகிறோம். அக்குறிப்பை நீக்கிவிட்டால் பாடலின் பொருளே மாறும்.

காவல் கோப்பில் நடந்தது அதுவே. ‘வாக்குமூலம்’ என்பதைப் பிரித்தால் வாக்கு, மூலம் என்றாகும். ஆனால் கோப்பில் இருப்பது மூலம் அன்று, படி. கூற்று மட்டும் வைக்கப்பட்டு, கேட்போரும் களனும் நீக்கப்பட்ட படி. எவான்ஸின் கூற்றில், அதற்கு முன் அவர்முன் வைக்கப்பட்ட உடைகள் இல்லை. பென்ட்லியின் கூற்றில், காவலரின் வினாக்கள் இல்லை. ஆகவே மூடிய வழக்கைத் திறப்பது என்பது, நீக்கப்பட்ட கேட்போரைக் கூற்றின் பக்கத்தில் மீண்டும் கொண்டுவந்து நிறுத்துவது. நான் இன்று சொல்ல வந்த செய்தி இதுதான்.

நம்மிடையே

இங்கிலாந்தில் ஆங்கிலம் பேசியவர், ஆங்கிலம் எழுதிய காவலர் என்ற நிலையிலேயே இவ்வளவு மாற்றம் நேர்ந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழில் மட்டும் பேச வல்ல ஒருவரின் கூற்று, பெரும்பாலும் மலாய் அல்லது ஆங்கிலத்தில் எழுத்தாகிறது. இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். அப்பணியைக் கடமையுணர்வோடு செய்வோர் பலர். அவர்களைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அவர்களின் பணி எவ்வளவு நுண்ணியது என்பதை உணர்த்தவே சொல்கிறேன்.

இரு நாடுகளின் தண்டனைச் சட்டங்களிலும் 300ஆம் பிரிவு கொலையை வரையறுக்கிறது. செய்தவரின் எண்ணமும் அறிவும் அங்கே முதன்மையானவை. தமிழில் எண்ணத்தைக் காட்டும் கருவிகள் வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘அடித்தேன்’ என்பது ஒரு செயலைக் கூறுகிறது. ‘அடித்துவிட்டேன்’ என்பதில் ‘விடு’ என்னும் துணைவினை செயலின் முடிவைக் காட்டுவதோடு, சூழலையும் குரலையும் பொறுத்து, ‘அப்படி நேர்ந்துவிட்டதே’ என்னும் இரக்கத்தையும் காட்டலாம். ‘கத்தி பட்டுவிட்டது’ என்பதில் வினைமுதலாக மனிதனே இல்லை. இம்மூன்றும் ஆங்கிலத்தில் ‘நான் செய்தேன்’ என்ற ஒரே அமைப்பில் வந்து விழுந்தால், எண்ணமில்லாத செயல் எண்ணிச் செய்த செயலாகிவிடும்.

மலாய்மொழியில் ‘தெர்’ என்னும் முன்னொட்டு உள்ளதை நம் மாணவர்கள் அறிவர். ‘அம்பில்’ என்றால் எடுத்தல். ‘தெர்அம்பில்’ என்றால் தவறுதலாக எடுத்துவிடுதல். தமிழ்த் துணைவினையின் சாயலை ஓரளவு தாங்கவல்ல வடிவம் அது. இரு மொழியையும் இலக்கணத்தோடு கற்றவரே அதனைத் தக்க இடத்தில் எடுத்தாள்வார். ‘கொன்றுவிடுவேன்’, ‘தோலை உரித்துவிடுவேன்’ என்று நம் வீடுகளில் பிள்ளைகளை அதட்டும் வழக்கையும் எண்ணிப் பாருங்கள். அச்சொற்களைக் கேட்போரும் களனும் இன்றி ஒரு தாளில் எழுதினால், பாசமுள்ள தாய் கொலை மிரட்டல் விடுத்தவராகிவிடுவார்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

ஆசிரியர்களுக்கு இரண்டு பயிற்சிகளைப் பரிந்துரைக்கிறேன். நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியை நாம் தொடக்கப்பள்ளியிலேயே கற்பிக்கிறோம். தன்மை படர்க்கையாகும், ‘இன்று’ ‘அன்று’ ஆகும், மேற்கோள் குறி நீங்கும், மதிப்பெண் கிடைக்கும். அம்மாற்றத்தில் இழந்தது எது என்று ஒரு வினாவை மேலதிகமாகக் கேளுங்கள். குரல், தயக்கம், கேலி, இரக்கம் ஆகியவற்றுள் எது போயிற்று என்று மாணவர் எழுதட்டும்.

அடுத்தது, ஒரு மாணவர் தாம் கண்ட சிறு நிகழ்ச்சியைப் பேச்சுத்தமிழில் சொல்லட்டும். மற்றொருவர் இடையிடையே கேள்வி கேட்டு, விடைகளை மட்டும் தொடர்ச்சியான எழுத்துத்தமிழில் எழுதட்டும். மூன்றாமவர் அந்தத் தாளை மட்டும் படித்து, எந்தெந்த இடத்தில் கேள்வி இருந்தது என்று கண்டுபிடிக்கட்டும். எதிர்மறைத் தொடர், முன்னறிமுகமில்லாத சுட்டு, திடீரென வரும் எழுத்துநடைச் சொல் ஆகியவற்றை மாணவர்கள் தாமே துப்பாகக் கொள்வார்கள். இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியது என்று எண்ணும் மாணவருக்கும் சுட்டும் உருபும் துணைவினையும் உயிருள்ளவை என்பது அன்று விளங்கும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை வழக்குரைஞராகலாம், காவல் அதிகாரியாகலாம், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகலாம். கூட்டத்தின் சினமும் மேலிடத்தின் அவசரமும் உங்களை ஒரே பக்கம் தள்ளும் நாள் வரக்கூடும். அன்று உங்கள் முன் ஒரு தாள் இருக்கும். அதில் ஒருவர் சொன்னது எழுதப்பட்டிருக்கும். அவரிடம் கேட்கப்பட்டது எது என்று வினவுங்கள். எவான்ஸுக்காக அவ்வினாவை எழுப்பியவர்கள் பதினாறு ஆண்டுகள் காத்திருந்தனர். பென்ட்லிக்காக எழுப்பியவர்கள் நாற்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தனர். இருவரும் தங்கள் விடுதலைச் செய்தியைக் கேட்க உயிரோடு இல்லை. அவ்வினா வழக்கு மூடப்படும் முன்பே எழுமானால், மீண்டும் திறக்க வேண்டிய கோப்புகள் குறையும்.